முதல் ஆறு வாரங்களுக்கு மட்டும்

பாத்திரத்துக்குள் கையை விட்ட வேகத்தில் அவர் அலறிக்கொண்டு எழுந்தார். நாற்காலி பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. தண்ணீர் மேஜை முழுக்கக் கொட்டி, விளிம்போரம் சொட்டத் தொடங்கியது. அவள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"கொதிக்குதும்மா! விரலை விட்டுப் பாக்கலையா நீ?"

"பாத்தேங்க. சரியாத்தான் இருந்துச்சு."

"இதுவா சரி?" என்று இரண்டு கைகளையும் அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். விரல்கள் சிவந்திருந்தன. பிறகு குழாயடிக்கு ஓடினார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, பேச்சுதான் சுருங்கும். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடியே சொன்னார்: "பன்னெண்டு நாள்ல ரெக்கார்டிங். ஞாபகம் இருக்கட்டும்."

தினமும் காலையில் வாசிக்க உட்காருவதற்கு முன்னால் பத்து நிமிடம் அவர் இரண்டு கைகளையும் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்திருக்க வேண்டும். வெந்நீரை விளாவி வைப்பது அவள் வேலை. இரண்டு வருடமாக ஒருநாளும் சூடு கூடியதில்லை, குறைந்ததில்லை. பாத்திரத்தின் அடியில் மிச்சமிருந்த தண்ணீரில் அவள் தன் வலது கை விரல்களை மெதுவாக விட்டாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் யார் வீட்டுச் சமாசாரமோ என்பதுபோல் சும்மா கிடந்தன. சுண்டுவிரல் மட்டும் துடித்துப்போய் வெளியே வந்தது. அவள் மறுபடி ஒருமுறை விட்டுப் பார்த்தாள். மறுபடியும் சுண்டுவிரல்தான்.

அவள் கணவர் ஸ்லைடு கிட்டார் வாசிப்பவர். தெருவில் பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது, கிட்டார்காரர் வீடு என்றால்தான் வழி காட்டுவார்கள். கிட்டாரை மடியில் படுக்க வைத்து, இடது கையில் ஒரு சின்ன இரும்பு உருளையைப் பிடித்துக் கம்பிகள்மேல் வழுக்கிக்கொண்டு போவார். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குத் தாவாமல், நடுவிலுள்ள தூரம் முழுவதையும் தொட்டுத் தடவிக்கொண்டு போகிற வாசிப்பு. அவள் அதை முதலில் கேட்டது ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில். துவைத்துத் தேய்த்த மேஜைவிரிப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே வந்தவள், சுமையை இறக்கிவைக்கவும் மறந்து ஒரு முழுப் பாட்டுக்கும் நின்றுவிட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தர்கூடக் காது கொடுக்கவில்லை. வாசித்து முடித்தவர் நிமிர்ந்து பார்த்து, "கை வலிக்கலையா?" என்று கேட்டார். அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் அவருடைய இடது கைக்கு வலி வந்தது. முதலில் கட்டைவிரலின் அடியில் ஒரு சுருக். அப்புறம் மணிக்கட்டு. அப்புறம் முழங்கை வரைக்கும் யாரோ உள்ளேயிருந்து கயிறு போட்டு இழுப்பது போல. தைலம் தேய்த்தார், துணியைச் சுற்றிக் கட்டினார், வலியோடேயே வாசித்தார். ஒருநாள் உருளை கையிலிருந்து நழுவிக் கம்பிகள்மேல் விழுந்து, அங்கிருந்து தரையில் விழுந்து, மேஜைகளுக்கு அடியில் உருண்டோடியது. அன்றைக்குத்தான் சாப்பிட வந்தவர்கள் எல்லாரும் ஒன்றாக அவரைத் திரும்பிப் பார்த்தார்களாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு முடியும் இடத்தில் அழுதுகொண்டிருந்தார். அதற்குப் பிறகு எட்டு மாதம் கிட்டாரைத் தொடவில்லை. ஹோட்டல்காரர்கள் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். எடுத்துப்போக ஆள் வராத பிணம் ஒன்று கூடத்தில் கிடப்பது போல அந்த எட்டு மாதமும் கிட்டார்ப் பெட்டி கிடந்தது.

கையைத் திருப்பிக் கொடுத்தது ஒரு பிசியோதெரபி டாக்டரம்மா. கை நோவுக்கு மட்டுமே பார்ப்பவர். முதல்நாள் கிட்டாரையும் கொண்டுவரச் சொல்லி, எதிரே உட்கார்ந்து வாசிக்க வைத்துப் பார்த்தார். "இரும்பை ஏன் இப்படி நெரிக்கறீங்க? அதுக்கே கனம் இருக்கு. கம்பிமேல அது பாட்டுக்கு உக்காரட்டும், நீங்க வழியை மட்டும் காட்டுங்க" என்றார். ஸ்டூலை இரண்டு விரற்கடை உயர்த்தச் சொன்னார். மணிக்கட்டு மடங்கக் கூடாது, முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் நேராக ஓட வேண்டும். சுரத்துக்கு நடுக்கம் கொடுப்பது மணிக்கட்டிலிருந்து அல்ல, தோளிலிருந்து. இருபத்தைந்து நிமிடம் வாசித்தால் ஐந்து நிமிடம் ஓய்வு, அதற்கு ஒரு கடிகாரம். வாசிப்புக்கு முன்னால் வெதுவெதுப்பான தண்ணீர், பின்னால் விரல்களை விரித்து நீட்டும் பயிற்சி. பளு தூக்கக் கூடாது, துணி பிழியக் கூடாது, இறுகிய மூடி திருகக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்தார். அவள் அதை நான்கு மூலையிலும் டேப் ஒட்டி ஃபிரிட்ஜ் கதவில் பதித்தாள். அன்றிலிருந்து வீடு அந்தத் தாளின் சொல்பேச்சுக் கேட்டு நடந்தது. வாளி, கேஸ் சிலிண்டர், குக்கர் மூடி, ஈரப் போர்வை, மார்க்கெட் பை எல்லாம் அவளுடையவை ஆயின. அவரும் சட்டமாக உட்கார்ந்து உழைத்தார். ஒருநாள் தவறாது தண்ணீர், ஒருநாள் தவறாது பயிற்சி. வலி போயிற்று. வாசிப்பு முன்னைவிடத் திருந்தியது. இப்போது ஐம்பத்தோராவது வயதில், அவர் வாசிப்பு மட்டுமே அடங்கிய முதல் ஆல்பத்துக்கு மூன்று நாள் ரெக்கார்டிங் என்று தேதி குறித்திருந்தார்கள்.

வீட்டில் இன்னொரு பளுவும் இருந்தது. அவளுடைய மாமனார். முப்பத்தைந்து வருடம் லாரி ஓட்டியவர். போன வருடம் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, மறுபடி கட்டிலுக்கு என்று ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது தூக்க வேண்டும். அவள் குனிந்து அவர் அக்குள்களுக்கு அடியில் கைகளைக் கொடுத்து, முதுகுக்குப் பின்னால் தன் ஒரு மணிக்கட்டைத் தானே மறு கையால் இறுக்கிப் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு" என்பாள். மூன்றை அவர் சொல்வார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தாலும் பேச்சுக்குக் குறைவில்லை.

"பாரு மருமகளே. எனக்கு வாதம், உனக்குப் பிடி. ரெண்டு பேரும் சேந்தாத்தான் பிடிவாதம்" என்பார். ஒவ்வொரு வாரமும் ஒரு தடவையாவது இதைச் சொல்லிவிட்டு, புதுசாய்க் கேட்டவர் போலத் தானே சிரிப்பார்.

ஆனால் கொஞ்ச நாளாக அந்தப் பேச்சை விட்டிருந்தார். தூக்கப்படுகிறவருக்குத்தானே பிடி தெரியும்! வெந்நீர் சிந்திய அன்று காலையில், நாற்காலியில் அவரை இறக்கியதும், அவள் வலது கையை எடுத்துத் தன் நல்ல கையால் அமுக்கிப் பார்த்தார்.

"ஸ்டியரிங் ஆடுது. எத்தனை நாளா?"

"ஒண்ணுமில்ல மாமா. வேலை ஜாஸ்தி."

"என்கிட்டயே கதை விடுற பாத்தியா. போய் யாருகிட்டயாவது காட்டு."

அவள் வேலை செய்த சலவைக்கூடத்தில் ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் வரும். ஈரம் போகாத விரிப்பின் இரண்டு மூலைகளை இரண்டு பெண்கள் ஆளுக்கொன்றாகப் பிடித்து, சுருக்கம் விழாமல் உதறி, தேய்க்கிற மெஷினின் சூடான உருளைக்குள் விட வேண்டும். ஒரு நாளைக்கு அறுநூறு, எழுநூறு. அந்த வாரத்தில் மூன்று தடவை அவள் பக்கத்து மூலை நழுவி, விரிப்பு கோணலாக உள்ளே போய்க் கருகியது. அவளோடு எதிர்மூலை பிடிப்பவளை எல்லாரும் நெட்டச்சி என்பார்கள். நெட்டச்சி மெஷினை நிறுத்திவிட்டு வந்து, "ஏண்டி, விரிப்பு போனா வேற விரிப்பு. நாளைக்கு உன் கை உள்ள போயிடுச்சுன்னா எதை மாத்துவாங்க?" என்று கேட்டாள். மறுநாள் மத்தியானம் அவள் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரே கை டாக்டரிடம் போனாள்.

டாக்டரம்மாவுக்கு அவளை நினைவிருந்தது. மணிக்கட்டின் உள்பக்கத்தில் விரலால் தட்டிப் பார்த்தார். இரண்டு புறங்கைகளையும் ஒட்டவைத்து, விரல்கள் கீழே தொங்க, ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொன்னார். அரை நிமிடத்திலேயே விரல்களுக்குள் எறும்பு ஊர்ந்தது. கண்ணை மூடச் சொல்லி, ஊசிமுனையால் ஒவ்வொரு விரலாகத் தொட்டு, "இப்ப? இப்ப?" என்று கேட்டார். சுண்டுவிரல் வரும்வரை அவளுக்கு எதுவும் தெரியவில்லை.

"தூக்கத்துல எழுந்து கையை உதறுவீங்களா?"

"ஆமா."

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்."

டாக்டரம்மா அவள் கட்டைவிரலின் அடிச்சதையைத் தொட்டார். மேடாக இருக்க வேண்டிய இடம் குழிந்திருந்தது. "நரம்பு நசுங்கிக் கிடக்கு. ரெண்டு கையிலயும் இருக்கு, வலது ரொம்ப மோசம். ஆபரேஷன்தான். பண்ணினாலும் போனதுல எவ்வளவு திரும்பும்னு நான் சொல்ல முடியாது. ஒரு வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தா வெறும் மணிக்கட்டுப் பட்டையும் ஓய்வும் போதுமா இருந்திருக்கும்." எழுதிக்கொண்டே, நல்ல பேச்சாக மாற்றுகிறவர் போலக் கேட்டார்: "உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்கார்? இப்ப பக்கெட் எல்லாம் தூக்குறாரா?"

"அவர் எதையும் தூக்கறதில்லைங்க. நீங்க சொன்னபடியே ஒண்ணு விடாம செய்யறோம்."

பேனா நின்றது. "நான் சொன்னது ஆறு வாரத்துக்குத்தானே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மேலேயே போட்டிருப்பேனே, முதல் ஆறு வாரங்களுக்கு மட்டும்னு. ரெண்டாவது தடவை தனியா வந்தாரே, அப்ப தெளிவாச் சொன்னேன். இனிமே எல்லா வேலையும் செய்யணும், கொஞ்சம் கொஞ்சமா பளு தூக்கிப் பழகணும், கை பலமா இருந்தாத்தான் வலி திரும்பாதுன்னு. வீட்ல சொல்லலையா?"

வீட்டுக்கு வந்ததும் அவள் நேரே ஃபிரிட்ஜ் முன்னால் போய் நின்றாள். தலைப்புக்குக் கீழே, சின்ன எழுத்தில், அடைப்புக்குறிக்குள் இருந்தது. முதல் ஆறு வாரங்களுக்கு மட்டும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறி மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. இந்தக் கதவைத் தினம் எத்தனை தடவை திறந்து மூடுகிறாள்! முதல் மாதத்தில் மனப்பாடம் ஆன தாளை அப்புறம் யார் படிக்கிறார்கள்? தன் கண்மேலும் அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அவள் கண் படிக்க மறந்தது. அவர் காது கேட்டிருக்கிறது.

அவர் உள்ளறையில் வாசித்துக்கொண்டிருந்தார். கடிகாரம் மணியடிக்கும் வரை அவள் வாசலிலேயே நின்றாள். அடித்ததும் உள்ளே போனாள்.

"ரெண்டாவது தடவை போனப்ப டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

அவர் உருளையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பது நின்றது. "யார் சொன்னா உனக்கு?"

"நான் போயிருந்தேன்."

"எதுக்கு?"

அவள் கையை நீட்டினாள். அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலின் அடியிலிருந்த குழியில் தன் பெருவிரலை வைத்தார். எந்தச் சதை எங்கே இருக்க வேண்டும் என்று அவருக்கு டாக்டருக்குத் தெரிந்த அளவு தெரியும். இரண்டு வருடமாகத் தன் கையில் தினமும் அதே சதையை அமுக்கிப் பார்த்து வருகிறவர். முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை அவள் பார்த்தாள். நடிப்பில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

"பயமா இருந்துச்சு" என்றார். "தூக்கலாம்னு சொன்னாங்க. தூக்கி, திரும்ப வந்துட்டா? அந்த எட்டு மாசம் திரும்ப வந்துட்டா? அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அப்புறம் ஒரு மாசம் ஆச்சு. அப்புறம் அப்பா விழுந்துட்டாரு. அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்து சொல்றது?"

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் விடவும் இல்லை.

"ரெக்கார்டிங் முடியட்டும்மா. இன்னும் பத்து நாள்தான். முடிஞ்ச அன்னைக்கே ஆபரேஷனுக்குப் பேசிடலாம். அப்பாவை நான் தூக்கறேன். எல்லாம் நான் பாத்துக்கறேன். இப்ப போய் கையில ஏதாவது ஆயிட்டா, இத்தனை நாள் நீ பட்டதுக்கே அர்த்தமில்லாமப் போயிடும்."

கடைசி வாக்கியம்தான் அவளை அடித்தது. அது பொய்யில்லை. இரண்டு வருடம் சுமந்தாகிவிட்டது, பத்து நாளில் என்ன குடி முழுகிவிடும் என்று அவளுக்கும் தோன்றியது. பன்னிரண்டு பாட்டு. அதில் இரண்டு, அவள் அடுப்படியில் நின்று கேட்டு, "இந்த இடத்துல இழுக்காதீங்க, அழற மாதிரி இருக்கு, நல்லா இல்ல" என்று சொல்லித் திருத்தியவை. "சரி" என்றாள். அந்தச் "சரி"யைப் பிற்பாடு அவள் எத்தனையோ தடவை திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அது தன் குரலில்தான் இருந்தது.

அன்றிலிருந்து மாமனாரைத் தூக்க ஒரு துணிப்பட்டையை அவர் முதுகுக்குப் பின்னால் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் பரவாயில்லை. அவரும் பதினைந்து நாளாகச் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தி, "போதும், வயிறு மந்தமா இருக்கு" என்று தட்டைத் தள்ளிக்கொண்டிருந்தார். வயசான உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று அவள் விட்டுவிட்டாள்.

ரெக்கார்டிங்குக்கு இரண்டு நாள் இருந்தது. காலை ஒன்பது மணி. கிட்டார்காரர் தண்ணீரில் கை வைத்து முடித்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தாளத்தைக் காதில் ஹெட்போன் போட்டுக் கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டும். மாமனாரைக் கட்டிலிலிருந்து எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு அவள் வேலைக்குக் கிளம்ப வேண்டும். "ஒண்ணு, ரெண்டு" என்றாள். "மூணு" என்றார். எழுந்தார்கள். பாதித் திருப்பத்தில் அவள் வலது கை விரிந்துகொண்டது. வலித்து விடவில்லை, விடுகிறோம் என்று தெரிந்தும் விடவில்லை. பிடித்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். பட்டை நழுவியது, மாமனார் சரிந்தார், அவர் பாரம் அவளையும் இழுத்துக்கொண்டு போயிற்று. நாற்காலியின் இரும்புக் கைப்பிடியில் அவர் இடுப்பு மோதியது. உள்ளுக்குள் ஏதோ முறிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. அவர் மேலே, அவள் கீழே, அவள் இடது கை அவர் உடம்புக்கு அடியில்.

"ஏங்க!" என்று கத்தினாள். கதவுக்கு அந்தப் பக்கம் கிட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "ஏங்க! இங்க வாங்க!"

ஓடிக்கொண்டேயிருந்தது.

கைக்கெட்டுகிற தூரத்தில் கட்டிலுக்கு அடியில் ஒரு எவர்சில்வர் சொம்பு இருந்தது. அதை எடுத்துக் கதவில் எறிய வலது கையை நீட்டினாள். மாமனாரின் நல்ல கை வந்து அவள் மணிக்கட்டில் விழுந்தது.

"வேணாம்."

"மாமா, எலும்பு..."

"தெரியுது. எனக்குத்தானே ஒடைஞ்சிருக்கு." மூச்சு வாங்கினார். அவர் முகம் அவள் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. வியர்வை அவள் கழுத்தில் வழிந்தது. "பெல்லு அடிக்கட்டும். இப்ப ஓடி வந்தான்னா, அப்படியே பதறிப்போய்த் தூக்குவான். கை போயிடும். அவன் மெதுவா வரட்டும்."

சொம்பை எடுக்க அவளால் முடிந்திருக்கும். ஒரு எழுபது வயதுக்காரரின் ஒற்றைக் கை, அதை உதறுவது பெரிய காரியமில்லை. அவள் உதறவில்லை. கிழவரின் வலியைவிடக் கணவரின் கையைப் பெரிதாக நினைத்தாளா, பழக்க தோஷமா, இல்லை இரண்டு பேருமே அந்த வீட்டில் வேறு விதமாக இருக்கத் தெரியாதவர்களா, அவளுக்கே தெரியாது. தரையில் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் திருத்திய பாட்டுத்தான். அந்த இடம் வந்தது. அவர் இழுக்கவில்லை, சொன்னபடி நேராகக் கடந்து போனார். மிகவும் நன்றாக இருந்தது. அவ்வளவு நன்றாக அவர் வாசித்து அவள் கேட்டதில்லை. மாமனார் பற்களைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சின்ன முனகலை உள்ளேயே அமுக்கிக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது பத்திலிருந்து ஒன்பது இருபத்தேழு வரை அவள் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

மணி அடித்தது. கதவு திறந்தது. அவர் விரல்களை விரித்து நீட்டியபடியே வெளியே வந்து, அப்படியே நின்றார்.

"இப்பத்தான்டா" என்றார் மாமனார். "இப்பத்தான் விழுந்தேன்."

கிட்டார்காரர் குனிந்தார். ஒரு கையைக் கழுத்துக்கடியிலும் ஒரு கையை முழங்காலுக்கடியிலும் கொடுத்து, அப்பாவை ஒரே மூச்சில் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார். அப்படித் தூக்கியிருக்கக் கூடாது. முறிந்த இடுப்பு அசைந்து கிழவர் வீறிட்டார். ஆனால் தூக்கிவிட்டார். கை நடுங்கவில்லை, உருளை போல எதுவும் நழுவவில்லை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பா இவ்வளவு லேசாவா இருக்காரு?" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, இடுப்பெலும்பு இரண்டாக முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். இதயம் இருக்கிற நிலைமையில் மயக்க மருந்து தாங்காது என்று கைவிரித்தார்கள். எடை பார்த்த நர்ஸ், "வீட்ல சாப்பாடு கொடுக்கறதில்லையா?" என்று அவளைப் பார்த்துக் கேட்டாள். நர்ஸ் போனதும் மாமனார் கண்ணைத் திறந்து, "அவகிட்ட என்ன சொல்றது?" என்றார். "வண்டி ஏத்தத்துல திணறுச்சுன்னா டிரைவர் என்ன பண்ணுவான்? பாரத்தைக் கொறைப்பான்."

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. பாதியில் தள்ளிய தட்டுகள் ஒவ்வொன்றாகக் கண்முன்னால் வந்தன. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா" என்றாள்.

"நீ சொன்னியா?" என்றார் அவர்.

ரெக்கார்டிங்குக்குப் போகமாட்டேன் என்று கிட்டார்காரர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "போடா. போய் வாசிச்சுட்டு வா. இதுக்கு மேல இங்க நீ தூக்கறதுக்கு என்ன இருக்கு?" என்று அப்பா விரட்டினார். போனார். மூன்று நாளும் அவர் வாசித்ததைக் கேட்டு ஸ்டுடியோவில் எல்லாரும் வாயடைத்துப் போனார்களாம், அவரோடு போன தபேலாக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னார். பதினோராவது நாள் மாமனார் போய்ச் சேர்ந்தார். தூக்கிக்கொண்டு போகிறபோது கிட்டார்காரர் முன்னால் தோள் கொடுத்தார். வழி முழுக்க யாரிடமும் மாற்றித் தரவில்லை.

ஒரு மாதம் கழித்து அவளுடைய வலது கையில் ஆபரேஷன் நடந்தது. கட்டு பிரித்துப் பார்த்த டாக்டர், எரிச்சல் போய்விடும், பிடி எவ்வளவு வரும் என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றார். சலவைக்கூடத்தில் அவள் இடத்தில் வேறு ஒருத்தி வந்துவிட்டதாக நெட்டச்சி போனில் சொன்னாள். வீட்டில் அவர்தான் இப்போது துணி பிழிகிறார், வாளி தூக்குகிறார். கை வலிக்கவில்லை. வலிக்கிறதா என்று அவள் கேட்கவுமில்லை. ஆல்பம் வந்துவிட்டது. போனில் இருக்கிறது. அவள் இன்னும் கேட்கவில்லை.

புதுக் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பிய அன்று பஸ்ஸில் நல்ல கூட்டம். உட்கார இடமில்லை. அவள் கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்திருந்தாள். இன்னொரு கையும் நம்பிக் கம்பியைப் பிடிக்கிற கையில்லை. அவர் பக்கத்தில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு நிறுத்தம் தாண்டியது. அப்புறம், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, தணிந்த குரலில் கேட்டார்.

"அன்னைக்கு அப்பா விழுந்தது... நான் கதவைத் தொறந்தப்பவா? இல்ல, அதுக்கு முன்னாடியேவா?"

அவள் அவரைப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை. டிரைவர் எதற்கோ பிரேக் போட்டார். கூட்டம் மொத்தமும் முன்னால் சாய்ந்தது. அவர் சட்டென்று இன்னொரு கையை அவளுக்கு முன்னால் குறுக்கே நீட்டினார்.

"பிடிச்சுக்கோ" என்றார்.

பஸ் மறுபடி கிளம்பி வளைவில் திரும்பத் தொடங்கியது. அவள் இரண்டு கால்களையும் அகட்டி ஊன்றி, இரண்டு கைகளும் எதையும் பிடிக்காமல், வண்டி சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக உடம்பைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அவருடைய கை நீண்டபடியே இருந்தது. வளைவு இன்னும் முடியவில்லை.